நியூரம்பர்க்கில் ஒரே ஒரு நாள்: கோட்டையா, அருங்காட்சியகமா, பேரணித் திடலா?

மியூனிக்கிற்கு வேலையாக வந்தவர்கள், படிக்கும் பிள்ளையைப் பார்க்க வந்த அப்பா அம்மா, ஐரோப்பியச் சுற்றுலாவில் எப்படியோ ஒரு நாளை மிச்சம் பிடித்தவர்கள் என எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நியூரம்பர்க்குக்கு ஒரு நாள் வர்றோம். எதைப் பாக்கலாம், எதை விடலாம்?" கேட்கும்போதே கையில் பதினைந்து இடங்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கும். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்வதானால் பதினைந்தும் சாத்தியம்தான். உள்ளே போய்ப் பார்ப்பதானால் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

முதல் வழி, கோட்டையும் மதிலுக்குள் இருக்கும் பழைய நகரமும். இரண்டாவது, ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகம். மூன்றாவது, நாஜிக் கட்சி மாநாடு நடத்திய பேரணித் திடலும், அந்தக் கட்சியின் தலைவர்களைப் போருக்குப் பின் விசாரித்த 600ஆம் எண் நீதிமன்ற அறையும்.

(ரயில் பலகையில் 'நூர்ன்பெர்க்' என்று இருக்கும். ஊர் அதுதான், இறங்கிவிடுங்கள்.)

## எதை வைத்து எடை போடுவது

நேரம், நடை, மழை, கிழமை, செலவு, கூட யார் வருகிறார்கள் என்பதையெல்லாம் நீங்களே யோசித்திருப்பீர்கள். யாரும் கேட்காத ஒன்றை நான் சேர்க்கிறேன்: பார்க்கப்போவது எவ்வளவு அசல்?

இந்த ஊரில் அந்தக் கேள்வி முக்கியம். 1945 ஜனவரி 2 இரவு விழுந்த குண்டுகளில் பழைய நகரத்தின் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. தெருக்களின் போக்கையும் கூரைகளின் சாய்வையும் காப்பாற்றி, அதே மணற்கல்லின் நிறத்தில் மறுபடி கட்டினார்கள். நன்றாகவே கட்டினார்கள். ஆனாலும் "ஆஹா, இடைக்காலம்!" என்று நாம் வாய் பிளந்து பார்க்கும் சுவர்களில் பாதிக்கு நம் தாத்தா வயதுகூட இருக்காது. இது குறையா இல்லையா என்பது உங்கள் மனதைப் பொறுத்தது. தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

கிழமையையும் ரயிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருடைய நாள் அதில்தான் கெடுகிறது. மியூனிக்கிலிருந்து ஐசிஇ என்னும் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பவேரியா மாநிலம் முழுக்க ஒரு நாள் செல்லும் மலிவான பயர்ன் டிக்கெட் எடுத்தால் ஐசிஇயில் ஏற முடியாது. வேலை நாட்களில் காலை 9 மணிக்கு முன் அது செல்லவும் செல்லாது. வட்டார ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வந்தால் ஊருக்குள் கால் வைக்கும்போது பதினொன்றை நெருங்கிவிடும். அருங்காட்சியகங்களை மாலை ஐந்து, ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். ஆக உங்கள் 'ஒரு நாள்' உண்மையில் ஆறு மணி நேரம். நால்வர், ஐவராக வந்தால் மிச்சமாகும் பணத்துக்காக இதைத் தாங்கலாம். தனியாக வருபவர் முன்கூட்டியே சலுகைக் கட்டண ஐசிஇ எடுப்பதே மேல்.

## வழி 1: கோட்டையும் பழைய நகரமும்

ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே மதில் தொடங்குகிறது. உள்ளே நுழைந்து வடக்கே நடந்தால் லோரன்ஸ் தேவாலயம், பெக்னிட்ஸ் ஆறு, சந்தைச் சதுக்கம், செபால்டு தேவாலயம், உச்சியில் கைசர்பூர்க் கோட்டை. எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில், ஒன்றரை கிலோமீட்டருக்குள். வழி கேட்கவே வேண்டாம். கடைசி முந்நூறு மீட்டர் மட்டும் கல் பாவிய செங்குத்தான ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் அந்தக் கல்தளம் உண்மையான எதிரி. இறக்கம் அதைவிட மோசம்.

கோட்டைக்குள் அரச மண்டபம், அருங்காட்சியகம், இரட்டைத் தேவாலயம், சின்வெல் கோபுரம், ஆழ்கிணறு என்று ஐந்து உண்டு. அரச மண்டபத்தில் ஜெர்மன் வரலாறு கொஞ்சம் தெரிந்தால்தான் சுவை. 1356இன் பொன்முத்திரைச் சாசனம், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் அரசர் முதல் பேரவையை நியூரம்பர்க்கில்தான் கூட்ட வேண்டும் என்றது. அந்தக் கௌரவத்தின் மேல் கட்டிய இடம் இது. தெரியாமல் போனால் வெறும் பெரிய மரக்கூரை.

கிணற்றுக்கு முன்னறிவு எதுவும் வேண்டாம். ஏறக்குறைய 50 மீட்டர் ஆழம், பாறையைக் குடைந்தது. சிறிய கிணற்று வீட்டுக்குள் எல்லோரையும் நெருக்கி நிறுத்திவிட்டு, வழிகாட்டி ஒரு குவளைத் தண்ணீரைச் சாய்ப்பார். பேச்சு தானாக நின்றுபோகும். ஒன்று, இரண்டு, மூன்று... எங்கோ அடியில் சலக். பிறகு மெழுகுவத்தி ஏற்றிய தட்டைச் சங்கிலியில் இறக்குவார். வெளிச்சம் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியாகித் தண்ணீரைத் தொடும். கிணற்றடியில் வளர்ந்த என் அம்மாவுக்கே அது வியப்பாக இருந்தது. "இதுல தண்ணி சேந்தவன் கையைப் பாக்கணும்" என்றார். குண்டுவீச்சில் பிழைத்தவற்றில் இரட்டைத் தேவாலயமும் சின்வெல் கோபுரமும் சேர்த்தி. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு மண்டபத்தை விட்டாலும் பெரிய இழப்பில்லை.

சந்தைச் சதுக்கத்தில் பகல் 12 மணிக்கு ஃபிரவன்கிர்ச்சே தேவாலயக் கடிகாரத்தைப் பார்க்கக் கூட்டம் அண்ணாந்து நிற்கும். நடுவில் பேரரசர் நான்காம் சார்லஸ் வீற்றிருக்க, அவரைத் தேர்ந்தெடுத்த ஏழு இளவரசர்கள் மூன்று முறை சுற்றி வருவார்கள். 1509 முதல் நடக்கும் பொம்மலாட்டம். அதற்காக நாளைத் திட்டமிடாதீர்கள். திட்டமிட்டால், அந்தத் தேவாலயம் நிற்கும் இடத்தில் முன்பு யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். சதுக்கத்துக்காக யூதர் வீடுகளை இடிக்க 1349இல் அனுமதி கொடுத்தவர் மேலே உட்கார்ந்திருக்கும் இதே சார்லஸ். அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று நடந்த கொலையில் 562 பேர் இறந்தார்கள்.

அதே சதுக்கத்தின் மூலையில் 19 மீட்டர் உயரத்துக்கு 'அழகிய நீரூற்று', நாற்பது உருவங்களோடு பளபளக்கும். அது நகல். 14ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களில் எஞ்சியவை வழி 2இல் சொல்லப்போகும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூலவரை உள்ளே பத்திரப்படுத்திவிட்டு உற்சவரை வீதியில் நிறுத்திய மாதிரி. ஓவியர் ட்யூரர் 1509இலிருந்து 1528இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு கோட்டையடியில் நிற்கிறது. வீடு அசல். ஆனால் சுவரில் அவருடைய பெரிய ஓவியங்களைத் தேடாதீர்கள். அவற்றின் அசல்கள் மியூனிக், வியன்னா போன்ற ஊர்களுக்குப் போய்விட்டன.

அசலாகவே பார்க்க வேண்டியது லோரன்ஸ் தேவாலயத்துக்குள் இருக்கிறது. ஆடம் கிராஃப்ட் 1490களில் செதுக்கிய கல் பேழைக் கோபுரம் கிட்டத்தட்ட 20 மீட்டர் உயர்ந்து, கூரை இடிக்கும் இடத்தில் கொடி போல வளைந்துகொள்கிறது. சுமையைத் தோளில் தாங்கியபடி அடியில் ஆட்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கையில் சுத்தியல், உளி. அது சிற்பியே. மேலே, வைட் ஷ்டோஸ் மரத்தில் செதுக்கிய 'தேவதூதர் வாழ்த்து' காற்றில் தொங்குகிறது. 1817இல் அது கீழே விழுந்து சுக்குநூறாகி ஒட்டப்பட்டது. போர்க்காலத்தில் அதைக் கோட்டைக்கு அடியிலிருந்த பாறைக் கிடங்கில் ஒளித்து வைத்தார்கள். இவ்வளவுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது, உண்டியல் மட்டும்.

## வழி 2: ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகம்

1852இல் தொடங்கியது. சேகரிப்பில் 13 லட்சம் பொருட்கள். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. பழைய கார்த்தூசிய மடத்தின் முற்றங்களைச் சுற்றிப் புதுக் கட்டடங்கள் சேர்ந்து வளர்ந்த இடம் என்பதால் உள்ளே வழி தவறுவது நிச்சயம். வரைபடத்தைக் கையில் பிடித்தபடியே நடங்கள்.

எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். நான் மூன்றை மட்டும் சொல்வேன். முதலாவது, மார்ட்டின் பெஹைம் 1492–94இல் செய்வித்த பூமி உருண்டை. இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பூமி உருண்டை அதுதான். அரை மீட்டர் விட்டம், மங்கிப்போன நிறம். ஐரோப்பாவிலிருந்து மேற்கே விரலை ஓட்டினால் கடல், தீவுகள், மறுபடி கடல், நேராக ஆசியா. அமெரிக்கா இல்லை. கொலம்பஸ் கடலில் இருந்த நேரத்தில் வரைந்தது அல்லவா? இந்தியாவும் நமக்குப் பழகிய முக்கோணமாக இருக்காது. இரண்டாவது, எட்சல்ஸ்டார்ஃபில் கிடைத்த வெண்கலக் காலத் தங்கக் கூம்பு. 88 செ.மீ. உயரம், எடை முந்நூறு கிராம் சொச்சம்தான். நம் வீட்டுத் திருமணங்களில் அதைவிட அதிகம் கழுத்தில் தொங்கும். ஆனால் இது காகிதம் போல அடித்த ஒரே தகடு. மூன்றாவது, ட்யூரர் வரைந்த சில உருவப்படங்கள், குறிப்பாகத் தன் முதிய ஆசிரியர் வோல்கெமூட்டை வரைந்தது. கழுத்து நரம்புவரை தெரியும். ட்யூரர் வீட்டில் ஏமாந்தவர்களுக்கு இங்கே நிவாரணம்.

திங்கட்கிழமை மூடியிருக்கும். மழை நாளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பாதிக் குழந்தைகளுக்கு அலுக்கும். அவர்களோடு வந்தவர்கள் சற்றுத் தள்ளியிருக்கும் ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். 1835 டிசம்பர் 7 அன்று இங்கிருந்து ஃபியூர்த்துக்கு ஓடிய 'ஆட்லர்' எஞ்சினுடன்தான் ஜெர்மனியில் ரயில் பிறந்தது. அங்கே நிற்கும் ஆட்லரும் நகல்தான், 1935இல் செய்தது. இந்த ஊரின் ராசி அப்படி.

வாசலுக்கு வெளியே, தெருவிலேயே, சிற்பி டானி கரவான் 1993இல் நிறுத்திய மனித உரிமைத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தூணிலும் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் ஒரு பிரிவு, ஜெர்மனிலும் இன்னொரு மொழியிலும். அதற்குச் சீட்டு வேண்டாம், மணி பார்க்கவும் வேண்டாம்.

## வழி 3: பேரணித் திடலும் 600ஆம் எண் அறையும்

ஊருக்குத் தென்கிழக்கே, டிராமில் 'டோக்கு-ட்சென்ட்ரும்' நிறுத்தம். இறங்கியதும் எதிரே நிற்கும் கட்டடத்தின் அளவுதான் முதல் அடி. ரோமின் கொலோசியத்தை மனதில் வைத்து, 50,000 பேர் உட்கார எழுப்பிய மாநாட்டு மண்டபம். கூரை போடவே இல்லை. 39 மீட்டரோடு நின்றுவிட்டது. அதன் ஒரு முனையைக் கண்ணாடியும் எஃகுமான ஒரு நடைபாதை ஈட்டி போலக் குறுக்கே குத்திக்கொண்டு போகிறது. நாஜிக் காலத்தை விளக்கும் ஆவண மையம் 2001இல் இங்கே திறந்தபோது கட்டடக் கலைஞர் குந்தர் டோமெனிக் செய்த வேலை. சுவர்களின் செங்கோண ஒழுங்கை ஒரே வெட்டில் அவமதிக்கிறது. ஆவண மையத்தில் 2021 முதல் புதுப்பிப்பு வேலைகள் நடந்துவந்திருப்பதால், எந்தக் கண்காட்சி எந்தப் பகுதியில் என்பதைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சியை முடித்துக்கொண்டு ரயிலேறிவிடுபவர்கள் பாதியைத்தான் பார்த்தவர்கள். ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும். 60 மீட்டர் அகலமுள்ள 'பெருஞ்சாலை' வருகிறது. இன்று அதில் கார்கள் நிறுத்துகிறார்கள். அதன் நேர்க்கோட்டை நீட்டினால் வழி 1இன் கோட்டைக்குப் போய் முட்டும். அந்தத் திசையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். பேரரசர்களின் ஊர் என்ற பழம்பெருமையைத் தங்கள் கட்சிக்கு முன்னுரையாக்கிக்கொள்ளும் கணக்கு அது. அதே கணக்கில்தான் 1424 முதல் 1796வரை நியூரம்பர்க்கில் இருந்த அரச மகுடத்தையும் செங்கோலையும் 1938இல் வியன்னாவிலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். போருக்குப் பின் அமெரிக்கர்கள் அவற்றைத் திருப்பி அனுப்பினார்கள்.

அதைத் தாண்டி ட்செப்பலின் திடல். படங்களில் பார்த்த அந்த வெள்ளை மேடை. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை உச்சியிலிருந்த ஸ்வஸ்திகாவை வெடி வைத்துத் தகர்த்தது; 1967இல் தூண் வரிசையையும் இடித்தாகிவிட்டது. மீதிப் படிகளுக்கு நடுவே புல். நான் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மேடைச் சுவரில் டென்னிஸ் பந்தை அடித்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். டொக், டொக் என்ற அந்த ஒரே சத்தம் முந்நூறு மீட்டர் நீளச் சுவரில் எதிரொலித்தது. ஹிட்லர் நின்ற இடத்தில் இரண்டு பிள்ளைகள் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இடிபாடு மேலும் சரியாமல் காக்க மட்டும் சுமார் 85 மில்லியன் யூரோ ஒதுக்கினார்கள். அழகுபடுத்த அல்ல, இருப்பதை இருக்கிறபடியே நிறுத்த. பழைய நகரத்தில் பழசாகத் தெரிவது புதுசு. இங்கேயோ யாருக்கும் பிடிக்காத அசல் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. அந்த மேடையில் வேடிக்கைக்குக்கூடக் கையை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். ஜெர்மனியில் அது குற்றம். நம் வீட்டு ஸ்வஸ்திக் பற்றியும் கேட்கிறார்கள். சமய வழக்கத்தில் உள்ளதைச் சட்டம் குறிவைக்கவில்லை. என்றாலும் கழுத்திலோ பையிலோ இருந்தால் அன்றைக்கு உள்ளே வைத்துக்கொள்வதே நாகரிகம்.

600ஆம் எண் அறை ஊரின் மறுகோடியில், யு1 மெட்ரோ ரயிலில் 'பேரன்ஷான்ட்ஸ' நிறுத்தத்தில் இறங்கினால் இருக்கிறது. திடலிலிருந்து இங்கே வர முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1வரை முக்கிய விசாரணை நடந்தது இங்கேதான். நீதிமன்றம் இடியாமல் நின்றதும், ஒட்டியே சிறை இருந்ததும் இந்த ஊருக்கு அந்த வழக்கைக் கொண்டுவந்த காரணங்கள். அறைக்குள் நுழைந்ததும் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். விசாரணைக்காகப் பின்சுவரை எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள், பிறகு பழையபடி சுருக்கிவிட்டார்கள். மாடியிலுள்ள கண்காட்சியில் ஒலி வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என நான்கு மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு நடந்த விதம் எனக்குப் பிடித்த பகுதி. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அதைப் பார்க்காமல் நண்பரை அழைத்துக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைத் தரிசித்துத் திரும்பியவன் நான்.

## ஒரே பார்வையில்

| | கோட்டை, பழைய நகரம் | தேசிய அருங்காட்சியகம் | திடல், 600ஆம் அறை |
|---|---|---|---|
| நேரம் | 4–5 மணி | 3 மணி | 6 மணி, பயணம் சேர்த்து |
| நடை | ஏற்றம், கல்தளம் | சமதளம், உள்ளேயே | சமதளம், ஆனால் நீளம் |
| மழையில் | சுமார் | மிக நன்று | பாதி வீண் |
| விடுமுறை | கோட்டை ஏறக்குறைய தினமும் திறப்பு | திங்கள் | நீதிமன்ற அறை செவ்வாய் |
| 12 வயதுக்குக் கீழ் | நன்று | சுமார் | வேண்டாம் |
| அசல் | கலவை | முழுக்க | முழுக்க, இடிபாடாக |

## கணக்கில் வராத செலவு

கோட்டை பவேரிய மாநில அரசுடையது. தேசிய அருங்காட்சியகம் தனி அறக்கட்டளை. ஆவண மையம், நீதிமன்றக் கண்காட்சி, ட்யூரர் வீடு மூன்றும் நகராட்சியுடையவை. மூன்று உரிமையாளர், மூன்று சீட்டு. நகராட்சி அருங்காட்சியகம் ஒன்றில் சீட்டு வாங்கும்போது கொஞ்சம் கூடக் கொடுத்தால் அன்றைக்கே மற்ற நகராட்சி அருங்காட்சியகங்களுக்கும் அது செல்லும். கவுண்டரில் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். வழி 3க்கு இது கச்சிதம், கோட்டைக்குச் செல்லாது. கோட்டையில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகங்களுக்கும் டிராம், பேருந்துக்கும் சேர்த்துச் செல்லும் நியூரம்பர்க் கார்டு இரண்டு நாளுக்கானது. ஒரு நாளில் இரண்டு இடம் பார்ப்பவருக்கு அது நட்டம்.

வழி 1இல் டிராம், பேருந்துச் செலவே இல்லை. வழி 3இல், பயர்ன் டிக்கெட் இல்லாதவர்களுக்கு நாள் சீட்டு தேவை. சனிக்கிழமை வாங்கினால் ஞாயிறும் செல்லும். உணவில் வழி 1 ஜெயிக்கிறது. திடல் பக்கம் உருப்படியாகச் சாப்பிட இடம் குறைவு, கையில் எதையாவது எடுத்துப் போங்கள். ஊரின் புகழ்பெற்ற விரல் நீளத் தொத்திறைச்சி பன்றியிறைச்சி. மூன்றை ஒரு சிறு ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். சைவர்களுக்கு எலிசன் லெப்கூகன் என்னும் மசாலா கேக் இருக்கிறதே என்றால், அதில் முட்டை உண்டு.

## யாருக்கு எது

அப்பா அம்மாவோடு முதல்முறை ஜெர்மனி வருகிறீர்கள் என்றால் வழி 1, ஆனால் தலைகீழாக: காலையிலேயே டாக்சியில் கோட்டை வாசலுக்குப் போய் இறங்கி, நாள் முழுக்க மெதுவாகக் கீழ்நோக்கி நடந்து வாருங்கள். வாடகை கொஞ்சம்தான், முழங்கால் வாழ்த்தும். சிறு குழந்தைகளோடும் இதுவே.

மழை, அல்லது ஏற்கெனவே இரண்டு மூன்று ஜெர்மன் கோட்டைகளைப் பார்த்துச் சலித்தவர்கள்: வழி 2. மாலையில் மதிலுக்குள் ஒரு நடையும் லோரன்ஸ் தேவாலயமும் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றும் இரண்டும் ஒட்டும். மூன்று எதோடும் ஒட்டாது, முழு நாளையும் கேட்கும்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்காக வருகிறவர்கள் ஒப்பீடு எதுவும் செய்ய வேண்டாம். நாலேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடும், திடலில் இருட்டும் காற்றும்தான் மிஞ்சும். பகலில் அருங்காட்சியகம், இருட்டியதும் சந்தை.

பெரியவர்கள் மட்டும், நல்ல வானிலை, செவ்வாய் தவிர்த்த நாள், இந்த ஊருக்கு மறுபடி வரும் உத்தேசமும் இல்லை என்றால் நான் வழி 3ஐத்தான் சொல்வேன். கோட்டையும் தேவாலயமும் ஜெர்மனியில் ஊருக்கு ஊர் கிடைக்கும். காலை ஒன்பதுக்கு நீதிமன்ற அறையில் தொடங்காதீர்கள். முதலில் திடல், பிறகு அறை. மேடையைப் பார்த்தபின் கூண்டைப் பார்க்கும் வரிசை அது. மாலை ரயிலுக்கு நேரம் மிச்சமிருந்தால் மனித உரிமைத் தூண்களின் வழியாக நிலையத்துக்கு நடங்கள், பத்து நிமிடம் கூடுதல்தான்.